மூன்று பேர் வந்தார்கள் அல்லவா, அது போதும்

கேள்வி: நான் கல்லூரி முதலாமாண்டு மாணவி. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மொத்தமே 500 பேர் படிக்கும் சின்னக் கல்லூரி, அதுவும் ஊருக்கு வெளியே. வகுப்பு முடிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சங்கங்கள் எல்லாம் பேருக்கு இருக்கின்றன, எதுவும் நடப்பதில்லை. சனிக்கிழமை ஆனால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் அறையில் போனும் கையுமாக. பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பள்ளித் தோழியோ வாரா வாரம் ஏதாவது ஒரு விழாப் படத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருமுறை துணிந்து, ‘யாராவது சனிக்கிழமை சேர்ந்து படம் பார்க்கலாமா?’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 14 பேர் லைக் போட்டார்கள். வந்தது 3 பேர். போனால் கருத்தரங்கக் கூடம் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு செட் சேர்ந்துவிட்டது. பேசாமல் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் வருத்தத்தோடு எழுதிய வரி, ‘வந்தது 3 பேர்’ என்பது. மாணவர் ஆலோசகராக இருக்கும் எனக்கு, கடிதத்திலேயே மிக நல்ல செய்தி அதுதான். முன்பின் எதையும் நடத்திப் பழக்கமில்லாத ஒரு முதலாமாண்டு மாணவி, பொதுக் குழுவில் ஒரு வரி எழுதி, மூன்று பேரை அறையிலிருந்து கிளப்பியிருக்கிறார். அன்று பூட்டைத் திறந்திருந்தால் நான்கு பேர் படம் பார்த்திருப்பீர்கள். கல்லூரி சரியில்லை என்று இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த 14 லைக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லைக் என்றால் ‘பார்த்தேன், நல்ல யோசனை’ என்று அர்த்தம். ‘வருகிறேன்’ என்று அர்த்தமில்லை. ‘யாராவது வருகிறீர்களா’ என்று கேட்டால், அந்த யாரோ தான்தான் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே செய்தியைப் பெயர் சொல்லித் தனித்தனியாக ஆறு பேருக்கு அனுப்பிப் பாருங்கள்: ‘வியாழன் சாயங்காலம் 6 மணிக்கு 12-ஆம் எண் அறையில் ஒரு படம் போடுகிறேன். ஒன்றரை மணி நேரம்தான். நீ வருவாயா?’ இதற்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நாள், நேரம், இடம், எத்தனை மணிக்கு முடியும் என்ற நான்கும் செய்தியிலேயே இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் தயங்குகிறவர்கள் வருவார்கள்.

சனிக்கிழமை என்று எழுதாமல் வியாழன் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பாதிப் பேர் ஊருக்குப் போய்விடும் நாளில் கூட்டம் சேரவில்லையே என்று வருந்துவது, நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளும் கஷ்டமான பரீட்சை. எல்லோரும் வளாகத்தில் இருக்கும் வார நாளில் ஒரு சாயங்காலத்தைப் பிடியுங்கள். சனிக்கிழமை வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது சின்னக் கல்லூரி, பெரிய கல்லூரி என்ற விஷயம். இதைப் பற்றி ரொம்ப நாளைக்கு முன்பே உருப்படியான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், சில டஜன் மாணவர்களே இருந்த உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து 2,000 பேருக்கு மேல் படித்த பள்ளி வரை எடுத்து, ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒப்பிட்டார்கள். முடிவுகள் 1964-இல் வெளியாயின. பெரிய பள்ளியில் நடக்கும் விஷயங்களின் வகை அதிகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடிய அளவுக்கு நடவடிக்கைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அதனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், மேடையில் நிற்பது, அணியில் ஆடுவது, பொறுப்பில் இருப்பது போன்ற வேலைகள் சின்னப் பள்ளி மாணவர்களுக்கே பல மடங்கு அதிகமாகக் கிடைத்தன.

காரணம் எளிது. ஒரு நாடகம் போட வேண்டுமானால் நடிக்க எட்டுப் பேர், விளக்குக்கு ஒருவர், திரை இழுக்க ஒருவர், வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். கல்லூரியில் 500 பேர் இருந்தாலும் 20,000 பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 20,000 பேர் இருக்கும் இடத்தில் அந்தப் பதினோரு இடத்துக்குத் தேர்வு வைப்பார்கள். உங்கள் இடத்தில், போகிற வருகிறவர்களைப் பிடித்து ‘தயவுசெய்து வா’ என்பார்கள். முன்னே பின்னே நடித்திராதவர்களும் நடிப்பார்கள், சுருதி சேராதவர்களும் பாடுவார்கள்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. எதில் சந்தோஷம் கிடைத்தது என்று கேட்டபோது, பெரிய பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் செய்ததைப் பார்த்து ரசித்ததையும், பெரிய கூட்டத்தில் ஒருவராக இருந்ததையும் சொன்னார்கள். சின்னப் பள்ளி மாணவர்கள் தாங்கள் செய்ததை, முதலில் தெரியாமல் தடுமாறிப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொன்னார்கள். உங்கள் தோழியின் படங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூட்டத்தில் நின்று கத்துவதும் சுகம்தான், நானே போய்க் கத்துவேன். ஆனால் அந்தப் படங்களில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மேடை அவருக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும். உங்கள் கல்லூரியில் மேடைக்கும் உங்களுக்கும் நடுவே யாருமே இல்லை. அதைத்தான் நீங்கள் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சின்ன இடத்தில் ஒதுங்கி இருப்பது கஷ்டம். ஒருமுறை சுவரொட்டி வரைந்துகொடுத்தால் மூன்று வருடமும் நீங்கள்தான் வரைய வேண்டும். அதனால் முதலிலேயே ‘இது மட்டும் செய்கிறேன்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

ஆள் குறைவு, இடம் குறைவு, சலிப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கல்லூரியில் நடந்தது, கூடைப்பந்து பிறந்த கதை. 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. வெளியே குளிர்காலம், ஓடியாட முடியாது. உள்ளே கூடத்தில் தினமும் அதே உடற்பயிற்சி. ஒரு வகுப்பில் 18 பேர், கடுப்பில் இருக்கிறார்கள், எந்த ஆசிரியராலும் சமாளிக்க முடியவில்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம், இவர்களுக்கு உள்ளேயே ஆட ஏதாவது கண்டுபிடி என்று இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கிறார்கள். வெளியே ஆடும் ஆட்டங்களை உள்ளே கொண்டுவந்து பார்க்கிறார், சரிவரவில்லை. கடைசியில் ஆளுக்கு மேலே, தலைக்கு எட்டாத உயரத்தில் இலக்கு வைத்தால் முட்டி மோத மாட்டார்கள் என்று தோன்றுகிறது. கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்கிறார். அவரிடம் பெட்டி இல்லை, பீச் பழக் கூடைகள் இரண்டு இருந்தன. அதையே கூடத்தின் மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கூடைப்பந்து வளையம் 10 அடியில்தான் இருக்கிறது. 13 விதிகளை எழுதித் தட்டச்சு செய்யவைத்து ஒட்டினார். 18 பேர் இருந்ததால் அணிக்கு 9 பேர். முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. கூடைக்கு அடி இருந்ததால், பந்து உள்ளே விழுந்தால் யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும்.

அணிக்கு ஏன் 9 பேர்? வகுப்பில் 18 பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். இருக்கிற ஆளுக்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். கால்பந்துக்கு 22 பேர் வேண்டும், நம்மிடம் 9 பேர்தான் இருக்கிறார்கள் என்று பந்தை அறையிலேயே வைத்துவிடுகிறோம். ஃபுட்சால் என்ற ஐவர் கால்பந்து 1930-இல் உருகுவே நாட்டின் தலைநகர் மான்டிவிடியோவில், கூடைப்பந்து ஆடுகிற அளவே உள்ள இடத்தில் ஆடுவதற்காகத்தான் வகுக்கப்பட்டது. அதற்கும் ஆள் போதவில்லையா, பக்கத்துக்கு மூன்று பேர், கோல்கீப்பர் கிடையாது, கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செருப்பு. ஆடலாம்.

சரி, என்ன செய்யலாம் என்றுதானே கேட்டீர்கள். என் யோசனை, விழா எதுவும் நடத்தாதீர்கள். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே இடம், மூன்று பேர் வந்தாலும் நடக்கிற மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு அனுமதி, பணம், கூட்டம் எல்லாம் வேண்டும். மழை பெய்தால் போச்சு. வாரா வாரம் நடக்கிற சின்ன விஷயத்துக்கு இந்தப் பயமே இல்லை. இந்த வாரம் வராதவர் அடுத்த வாரம் வரலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, வியாழன் 6 மணிக்கு 12-ஆம் அறையில் விளக்கு எரியும் என்று அவருக்கே தெரியும்.

படத்திலிருந்தே ஆரம்பியுங்கள், உங்களுக்கு அதில்தான் ஆசை. அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஆய்வக உதவியாளராக இருக்கலாம், நூலகராக இருக்கலாம், காவலராக இருக்கலாம். பெரிய இடமாக இருந்தால் படிவம் நிரப்பிப் பல நாள் காத்திருக்க வேண்டிய வேலை, 500 பேர் கல்லூரியில் நேரில் போய், பெயர் சொல்லி, எத்தனை மணிக்குச் சாவியைத் திருப்பித் தருவேன் என்று சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரு பேராசிரியரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. சாவியைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள், நாற்காலிகளைப் பழையபடி போட்டுவிட்டு வாருங்கள். இந்த இரண்டையும் செய்தால் அடுத்த முறை கேட்கவே வேண்டாம், உங்களைப் பார்த்ததும் சாவி கைக்கு வரும்.

எந்தப் படம் என்று குழுவில் வாக்கெடுப்பு மட்டும் வைக்காதீர்கள். நல்ல யோசனைகளைக் கொன்றதில் வாட்ஸ்அப் வாக்கெடுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. மூன்று நாள் விவாதம் நடக்கும், எல்லோருக்கும் பாதி மனதாக ஒரு படம் ஜெயிக்கும், ஓட்டுப் போட்டவர்களே வர மாட்டார்கள். வாரம் ஒருவர் தேர்ந்தெடுப்பது, மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தான் தேர்ந்தெடுத்த வாரத்தில் அந்த ஆள் இன்னும் இரண்டு பேரையாவது இழுத்துக்கொண்டு வருவார். படம் முடிந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ‘எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தாய்?’ என்று கேளுங்கள், உண்மையான விமர்சனம் அதில்தான் வெளிவரும்.

படம் வேண்டாம் என்கிற வாரத்துக்கு ‘மாஃபியா’ ஆட்டம். 1980-களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் என்ற மாணவர் உருவாக்கியது, விடுதி அறைகள் வழியாகவே உலகம் சுற்றியது. துண்டுச் சீட்டுகளைத் தவிர எதுவும் தேவையில்லை. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். சீட்டு எடுக்கும்போது இருவருக்கு மட்டும் ‘மாஃபியா’ என்று வரும், மற்றவர்கள் ஊர்மக்கள். ஆட்டத்தை நடத்துபவர் ‘இரவு’ என்றதும் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியா இருவரும் மட்டும் கண்ணைத் திறந்து, சத்தமில்லாமல் ஒருவரைக் கைகாட்டுவார்கள். ‘பகல்’ என்றதும் கைகாட்டப்பட்டவர் ஆட்டத்திலிருந்து வெளியே. அப்புறம் மிச்சமிருப்பவர்கள், யார் மாஃபியா என்று சண்டை போட்டு, ஓட்டுப் போட்டு, ஒருவரை வெளியேற்ற வேண்டும். இரண்டு மாஃபியாவும் பிடிபட்டால் ஊர் ஜெயித்தது. மாஃபியாவின் எண்ணிக்கை ஊர்மக்களுக்குச் சமமானால் அவர்கள் ஜெயித்தார்கள்.

உங்களைப் போல் சட்டென்று பேச வராதவர்களுக்கு இந்த ஆட்டத்தை நான் குறிப்பாகச் சொல்வேன். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று யாரும் கேட்பதில்லை, ‘நீதானே மாஃபியா?’ என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கூச்சம் எங்கே போனது என்றே தெரியாது. முதல் சில தடவை நீங்களே நடத்துபவராக இருங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதி வைத்த மாதிரி இருப்பதால் யோசித்துத் தவிக்க வேண்டியதில்லை. எட்டுப் பேரின் பெயரும் ஒரே ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும்.

ஊருக்கு வெளியே இருப்பதை ஒரு குறையாக எழுதியிருந்தீர்கள். நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்கு மொட்டை மாடியிலேயே கிடைக்கும், அதுதான் இருட்டு. இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள், எத்தனையோ கல்லூரிகளில் ஒரு தொலைநோக்கி அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அதில் சனியின் வளையம் தெரியும். முதல்முறை பார்க்கிறவர்கள் லென்ஸில் யாரோ படம் ஒட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்கள். தொலைநோக்கி இல்லை என்றால் சாதாரண பைனாகுலரே போதும். வியாழன் கிரகம் வானில் இருக்கும் மாதங்களில், கை நடுங்காமல் மதில்மேல் ஊன்றிப் பிடித்துப் பார்த்தால், பக்கத்திலேயே ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலவுகள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். சில நாள் அவை முன்னாலோ பின்னாலோ மறைந்து மூன்றுதான் தெரியும். நான்கு நாள் தொடர்ந்து நோட்டில் வரைந்து பாருங்கள், கலிலியோவுக்கு என்ன புரிந்தது என்று உங்களுக்கும் புரியும். டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் விண்கல் பொழிவு வரும். அதற்குக் கருவியே வேண்டாம், பாய் போதும். நிலவொளி அதிகமில்லாத வருடமாக இருந்தால் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாடிக்குப் போக வார்டனிடம் முன்கூட்டியே சொல்லி, கூட ஒரு ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொன்ன சனிக்கிழமை. பாதி விடுதி காலியாக இருக்கும், சத்தம் இருக்காது. ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த மூன்று மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது. செடி, பூச்சி, பறவை எதையாவது படம் எடுத்துப் போட்டால், அது என்னவாக இருக்கலாம் என்று செயலி சொல்லும், விஷயம் தெரிந்தவர்கள் எங்கிருந்தோ வந்து சரிபார்ப்பார்கள். உங்கள் வளாகத்துக்கு என்று தனிப் பட்டியல் தொடங்குங்கள். 100 உயிரினம் சேர்வதற்குள் வளாகத்தில் நீங்கள் மிதிக்காத மூலை இருக்காது. இரண்டு பேர் இருந்தாலும் நடக்கும், ஒருவர் மட்டும் இருந்தாலும் நடக்கும், அடுத்த வருடம் வரும் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம். தாவரவியல் மாணவர் ஒருவர் கூட வந்தால் வேகம் கூடும். தனியாக ஒதுக்குப்புறமாகப் போக வேண்டாம் என்பதை நான் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

எல்லோருக்கும் செட் சேர்ந்துவிட்டது என்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் செட்டும் இரும்பால் செய்தது போலத்தான் தெரியும். முதலாமாண்டின் செட்டுகள் பெரும்பாலும் பக்கத்து அறை, பக்கத்து இருக்கை, பயத்தில் பிடித்த கை என்று உண்டானவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், திருமணமான மாணவர்களின் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரின் குழு ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டது. கதவுக்கும் கதவுக்கும் உள்ள தூரமும், மாடிப்படி எங்கே இறங்குகிறது என்பதும்தான் நட்பைப் பெருமளவு தீர்மானித்தன. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்து நண்பர்கள் அதிகம். அப்படியானால் அறையின் கதவைத் திறந்து வைத்துப் படிப்பதும், படிக்கட்டு அருகே உள்ள பெஞ்சில் உட்காருவதும் ஒரு வேலைதான். நீங்கள் பேசக்கூட வேண்டாம், கண்ணில் பட்டால் போதும், பேச்சு அவர்களிடமிருந்து வரும்.

அதோடு பொறுமையும் வேண்டும். அறிமுகம் நட்பாக மாற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆராய்ச்சியாளர் 2018-இல் கணக்குப் போட்டார். சாதாரண நட்புக்கே சுமார் 50 மணி நேரம், நல்ல நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் முதல் படிக்கே 25 வாரம். ஆகவே நாலு வியாழக்கிழமை போயும் உயிர்த்தோழி கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சின்னக் கல்லூரியில் இந்தக் கணக்கு கொஞ்சம் சீக்கிரம் ஏறும். வியாழன் மாஃபியா ஆடிய ஆள் வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்பார், மத்தியானம் நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார். 20,000 பேர் இருக்கும் இடத்தில் அவரை மறுபடி பார்க்கவே ஒரு மாதம் ஆகலாம்.

பேச வராது என்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. முன்பின் தெரியாத இருவர் பேசிவிட்டுப் போன பிறகு, ‘அவருக்கு என்னைப் பிடித்திருக்காது’ என்று நினைக்கிறார்கள், உண்மையில் எதிராளிக்கு அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது. எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் இதை வெளியிட்டார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடமும் இந்தத் தவறான கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. கூச்சம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். ஆகவே, பேசிவிட்டு அறைக்குத் திரும்பும்போது மனதில் ஓடுகிற அந்த ‘ஐயோ, என்ன உளறினேன்’ படத்தை முழுதாக நம்பாதீர்கள். கையில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி எழுதுவது, புரொஜெக்டர் ஒயர் மாட்டுவது, சீட்டு வெட்டுவது. வேலை செய்கிறவரிடம் எல்லோரும் தானாக வந்து பேசுவார்கள், பெரும்பாலும் ‘இது ஏன் வேலை செய்யவில்லை?’ என்று.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். அறிவிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், அதை ஒட்டியவரைத் தவிர யாரும் படிப்பதில்லை. தண்ணீர் பிடிக்கக் காத்து நிற்கும் இடத்திலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். செத்துக் கிடக்கும் சங்கங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பேருக்கு இருக்கும் ஒரு சங்கத்துக்கு ஏற்கெனவே அனுமதியும், ஒரு பொறுப்பாசிரியரும், சில இடங்களில் தொடாத நிதியும் இருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடத் தூங்குகிற ஒன்றை எழுப்புவது சுலபம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைக்க மட்டும் அவசரப்படாதீர்கள். ஆறு பேர் இருக்கும் இடத்தில் நாலு பதவி உண்டானால் சண்டைதான் மிஞ்சும்.

சண்டை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். சின்ன இடத்தில் மனஸ்தாபம் வந்தால் ஒளிய இடமில்லை, மூன்று வேளையும் முகத்தில் முழிக்க வேண்டும். அதனால் ஒரே கூட்டத்தோடு முழுதாக ஒட்டிக்கொள்ளாமல், ஒருவரை ஒருவர் அதிகம் அறியாத இரண்டு வட்டங்களில் காலை வையுங்கள். வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் பேசாதீர்கள். அடுத்த வாரம் அவர்கள் வரும்போது அது உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் கல்லூரியால் தர முடியாதவையும் இருக்கின்றன. பெரிய இசை நிகழ்ச்சி, பத்துப் பேர் மட்டும் ரசிக்கும் அபூர்வமான பொழுதுபோக்குக்கு ஒரு கூட்டம், இதெல்லாம் 500 பேரில் கிடைக்காது. அவற்றுக்கு வெளியேதான் போக வேண்டும். பக்கத்துக் கல்லூரிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் அணியில் இடம் கிடைப்பது சுலபம் என்று மேலேயே சொன்னேன். அந்தப் பள்ளித் தோழியின் விழாவுக்கும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள், அடுத்த முறை அவரை உங்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிடுங்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இது சலிப்பும் ஏமாற்றமும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தூக்கமோ பசியோ கெட்டு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், ஆட்டமும் படமும் அதற்கு மருந்தல்ல. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். ராகிங், மிரட்டல் மாதிரி ஏதாவது நடந்து, அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். உடனே வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லுங்கள்.

கல்லூரி மாறுவது பற்றி. நீங்கள் படிக்க நினைக்கும் பாடம் அங்கே இல்லை, பாடம் நடத்த ஆசிரியர் இல்லை, பாதுகாப்பு இல்லை என்றால் தாராளமாக மாறுங்கள். சாயங்காலம் போரடிக்கிறது என்பதற்காக மாறினால், புது இடத்தில் எல்லோருக்கும் செட் சேர்ந்த பிறகு இரண்டாம் ஆண்டில் போய் நிற்பீர்கள். இப்போது இருப்பதைவிட அது கடினம். இருந்தாலும் கதவை மூட வேண்டாம். மாற்றலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, இதுவரை எழுதிய தாள்களின் கிரெடிட் அங்கே செல்லுமா, கட்டிய கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், விடுதியில் இடம் உண்டா என்ற நான்கையும் இப்போதே விசாரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு தாளை எடுத்துப் பார்த்து முடிவெடுங்கள். அதுவரை அறைத் தோழிகளிடம் ‘நான் போய்விடப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். போகப்போகிறவரை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.